மேற்கே கறுக்கும்போது ராஜகிரியில்

திண்டிவனத்தில் வளர்ந்த யாருக்கும் செஞ்சிக்கோட்டை முதலில் பள்ளிச் சுற்றுலாவாகத்தான் அறிமுகமாகும். பிறகு கல்லூரி நண்பர்களோடு பைக்கில் போவோம். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போவோம். அப்புறம் வெளியூர் விருந்தாளிகள் வரும்போதெல்லாம் நாமே வழிகாட்டி ஆகிவிடுவோம். முப்பது கிலோமீட்டர் பக்கம் தூரம், ராஜகிரிக்குச் சுமார் 800 அடி உயரம். வழி தவறவே முடியாது, படி போகிற பக்கம் போனால் போதும். இத்தனை சுலபமாக இருப்பதால்தான் இந்த மலையைப் பற்றி யாரும் யாருக்கும் எச்சரிக்கை சொல்வதில்லை. பர்வதமலைக்கும் வெள்ளியங்கிரிக்கும் போகிறவர்கள் நாலு பேரை விசாரித்துவிட்டுப் போகிறார்கள். ராஜகிரிக்குப் புறப்படுகிறவர் வானத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நான் மழை மாதங்களிலும் ஏறுகிறவன். சொல்லப்போனால் மழை மாதங்களில்தான் அதிகம். சித்திரை வெயிலில் அந்தப் பாறை மேல் கை வைக்க முடியாது. ஒரு மழை பெய்துவிட்டால் புதர்க்காடு பச்சை கட்டிவிடும், செட்டிகுளத்தில் தண்ணீர் நிற்கும், சுற்றுலாக் கூட்டமும் குறைவு. எனவே மழைநாளில் மலைப்பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. எந்த மழைக்கு ஏறலாம், எந்த மழைக்கு ஏறக்கூடாது, ஏறியபின் பிடித்துக்கொண்டால் எப்படி இறங்குவது என்று வருஷக்கணக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் விஷயம், மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. எங்கள் பக்கத்தில் இது மாதத்துக்கு மாதம் மாறும். ஆடியிலிருந்து புரட்டாசி வரை பகலெல்லாம் வெயில் கொளுத்தும். பிற்பகலில் மேற்கே ஜவ்வாது மலை, திருவண்ணாமலைப் பக்கம் மேகம் திரளும். அது கிழக்கு நோக்கி நகர்ந்து, சாயங்காலமோ முன்னிரவோ எங்களைத் தாண்டிக் கடலுக்குப் போகும். அதன் பாதையில்தான் செஞ்சி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். வங்கக்கடலில் இருந்து, மரக்காணம், புதுச்சேரிப் பக்கமிருந்து மேகம் ஏறிவரும். எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு கிடைப்பது அப்போதுதான். இவை இரண்டும் போக, சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழை தனி ரகம். அரைமணி நேரம்தான் பெய்யும். ஆனால் காற்றும் இடியும் அந்த அரைமணிக்குள் எல்லா வேலையையும் காட்டிவிடும்.

இதில் ராஜகிரிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. செஞ்சியில் மூன்று குன்றுகள். வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திராயன்துர்கம், மேற்கே ராஜகிரி. கல்யாண மஹாலும் நெற்களஞ்சியங்களும் இருக்கிற கீழ்க்கோட்டையில் நின்று பார்த்தால் ராஜகிரியே மேற்கு வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஆவணி மாதத்து மழை வருவதோ அதே மேற்கிலிருந்து. ஏறுகிறவனுக்குத் தலைக்கு மேலே நீல வானம், முதுகில் வெயில்; மலைக்கு அந்தப்புறம் என்ன திரள்கிறது என்று உச்சிக்குப் போனால்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்? அதனால் டிக்கெட் வாங்கும் முன்பே, திருவண்ணாமலை போகிற சாலையில் கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், மலை மறைக்காத இடத்தில் நின்று மேற்கைப் பார்த்துவிடுவது என் வழக்கம். வெள்ளைப் பஞ்சாகச் சிதறிக் கிடந்தால் பரவாயில்லை. கோபுரம் போல மேல்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தால், அதுவும் மதியத்துக்கு முன்பே வளர ஆரம்பித்துவிட்டால், அன்றைக்கு உச்சி கிடையாது. டீ குடித்துவிட்டு வெங்கடரமணர் கோயில், கல்யாண மஹால் என்று கீழேயே சுற்றலாம். அதற்கே ஒரு பொழுது வேண்டும்.

புயல் சின்னம் உருவாகியிருக்கும் நாட்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஏறக்கூடாது, அவ்வளவுதான். ஏன் என்று கேட்பவர்களுக்கு 2024ஐ நினைவுபடுத்தினால் போதும். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 சாயங்காலம் புதுச்சேரி அருகே கரையைக் கடக்கத் தொடங்கியது. கடந்துவிட்டால் போய்விடும் என்று எல்லாரும் நினைத்தோம். அது நகராமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலைவரையான 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை. மயிலம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கேயும் முருகன் ஒரு சின்ன மலைமேல்தான் இருக்கிறார். 51 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 510 லிட்டர் தண்ணீர். வயல் என்றால் கொஞ்சமாவது உறிஞ்சும். பாறை ஒரு சொட்டும் குடிக்காது. விழுந்த தண்ணீர் அத்தனையும் இறங்க வழி தேடும், மலையில் இறங்குவதற்கு வசதியான வழி நாம் நடக்கிற படிதான்.

அதே புயலின் மிச்சம் மேற்கே நகர்ந்து, டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் அண்ணாமலையார் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்தில் ஒரு வீட்டில் இருந்த 7 பேர், பெரும்பாலும் குழந்தைகள், புதைந்து போனார்கள். அந்த மலை நம் மக்களுக்கு எவ்வளவு பழக்கம்! நூற்றாண்டுகளாக ஏறிய மலை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் சுற்றிவருகிற மலை. அந்த வருஷம் டிசம்பர் 13 கார்த்திகை தீபத்துக்கு பக்தர்கள் மேலே ஏற அனுமதிக்கப்படவில்லை. மழை நின்று நாளாகியும் தடை எதற்கு என்று அப்போது சிலர் கோபப்பட்டார்கள். மேல்பாறை காய்ந்துவிடும். பாறைக்கு அடியிலும் இடுக்கிலும் இருக்கிற மண் அவ்வளவு சீக்கிரம் தண்ணீரை விடாது. ராஜகிரியிலும் பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவை யுகக்கணக்கில் நிற்பவை, அவற்றைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. நான் ஒதுங்கிப் போவது மனிதர் கட்டிய மதில்களிடமிருந்து. சுண்ணாம்புக் காரை தேய்ந்து, உள்ளே ஆலும் அரசும் வேர்விட்ட பழஞ்சுவர், பெருமழை குடித்தபின் எந்த நிமிஷம் கல்லை உதிர்க்கும் என்று சொல்ல முடியாது. பெரிய மழைக்குப்பின் ஒரு வாரமாவது விட்டுவிட்டுத்தான் போவேன். போனாலும் மதிலடி நிழலில் உட்கார்ந்து புளிசாதம் பிரிப்பதில்லை.

எச்சரிக்கைகளைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வானிலை ஆய்வு மையம் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ.; மிக கனமழை என்றால் 12 முதல் 20; அதி கனமழை என்றால் அதற்கும் மேல். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று டி.வி.யில் ஓடுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான். ஆரஞ்சு என்றாலே நான் வீட்டில் இருந்துவிடுவேன். மஞ்சள் என்றால் யோசிப்பேன். ஏனென்றால் எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து வருகிறது. விழுப்புரம் மாவட்டமோ மரக்காணம் உப்பளத்தில் தொடங்கி மேல்மலையனூர்வரை நீண்டு கிடக்கிறது. கடற்கரையில் கொட்டுகிற அன்றைக்குச் செஞ்சியில் தூறலோடு போகலாம், எதிர்மாறாகவும் நடக்கலாம். அதனால் புறப்படும் முன் சென்னை, காரைக்கால் ரேடார் படங்களையும், 'அடுத்த மூன்று மணி நேரத்துக்கு' என்று வருகிற அறிவிப்பையும் பார்ப்பேன். மின்னலுக்கு 'தாமினி' என்று ஒரு செயலி இருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துடையது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும். இதையெல்லாம் கீழேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே போய் சிக்னல் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

செயலியைவிட நான் நம்புவது ஆடு மேய்ப்பவர்களை. ஒரு ஆவணி மாதம் என் அக்கா மகனும் அவன் கல்லூரி நண்பர்களும் கிளம்பினார்கள், என்னையும் இழுத்துக்கொண்டார்கள். பசங்களோடு போனால் தெரியுமே, ஒருவன் வரத் தாமதம், ஒருவனுக்கு டிபன், ஒருவனுக்குப் பெட்ரோல். செஞ்சி போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சாலையோரம் ஆடுகளை விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்கள் பைகளைப் பார்த்தார்.

"இன்னாப்பா, மேல ஏறப் போறீங்களா?"

"ஆமா தாத்தா."

"மேக்கால பாத்தீங்களா? மொடமொடன்னு ஏறிக்கினு வருது. பொழுது சாயறதுக்குள்ள ஊத்தும். அம்மங் கோயிலு வரைக்கும் போயிட்டு எறங்கிடுங்க."

பசங்கள் சிரித்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு துண்டு மேகம்கூட இல்லை. பெரியவர் ஆடுகளை அந்நேரத்துக்கே ஊர்ப்பக்கம் திருப்பியிருந்ததை நான் கவனித்தேன். ஆடு நனைந்தால் நஷ்டம் அவருக்கு. பணம் போட்டவன் பார்க்கும் வானம் வேறு.

அவர் சொன்ன அம்மன் கோயில், ராஜகிரிக்கு ஏறும் வழியில் இருக்கிற கமலக்கண்ணி அம்மன் கோயில். சித்திரையில் அம்மனுக்குத் தேர்த்திருவிழா நடக்கும்போது ஊர்ச்சனம் அதுவரை ஏறி இறங்கும். அன்றிலிருந்து எனக்கும் அதுதான் எல்லைக்கல். புறப்படும்போதே கூட வருபவர்களிடம் சொல்லிவிடுவேன்: கோயிலில் நின்று பேசுவோம், அங்கே ஒருவர் வேண்டாம் என்றாலும் எல்லோரும் இறங்குவோம். கீழே இருக்கும்போதே ஒப்புக்கொள்ள வைத்துவிட வேண்டும். பாதி மலையில் மூச்சிரைக்க நின்றுகொண்டு, உச்சி கண்ணுக்குத் தெரியும்போது பேச ஆரம்பித்தால் நியாயம் எடுபடாது.

அன்றைக்கு கோயிலருகே வந்தபோது இடி கேட்டது. தூரத்து இடி, லாரி பாலத்தில் போகிறாற்போல. மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணி, மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போடலாம் என்று புத்தகத்தில் இருக்கும். ஒரு பையன் அதைச் செய்யப் பார்த்தான். எண்ணுவதற்கு மின்னல் கண்ணில் பட வேண்டுமே! மலை மறைத்துக்கொண்டிருந்தது. இந்த மலையில் அந்தக் கணக்கு உதவாது. இடி காதில் விழுகிறது என்றாலே மேகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, மின்னல் அவ்வளவு தூரம் தள்ளியும் விழும். எண்ணாமல் திரும்ப வேண்டியதுதான்.

"இன்னும் கொஞ்சந்தான மாமா, அந்தப் பாலத்தத் தாண்டினா மேல. ஓடிப் போயிட்டு ஓடி வந்துடலாம்" என்றான் அக்கா மகன்.

"ஓடி வர்றதுக்கு இவங்க படி கட்டலடா" என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். கோனார்கள் தொடங்கி விஜயநகரத்தார், நாயக்கர், பிஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி என்று கைமாறிய கோட்டை இது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டு உட்கார்ந்திருந்தது. எட்டு வருஷம்! அப்படி ஒரு படையைத் தாமதப்படுத்துவதற்கென்றே யோசித்துக் கட்டிய வழி. படிகள் ஒரே உயரமாக இருக்காது, வாயிலுக்கு வாயில் திரும்பும், கடைசியில் உச்சிக்கு முன்னால் ஒரு பெரிய பிளவு, அதன்மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்கள் பத்திரம். எதிரியை ஓடவிடாத படி, மழைக்குப் பயந்து இறங்குகிறவனையும் ஓடவிடாது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக்கும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. அதை வைத்து இனி முதல்முறை ஏறுபவர்கள் நிறைய வருவார்கள். கோட்டையின் இந்தக் குணத்தை யாராவது அவர்களுக்குச் சொன்னால் நல்லது.

நாங்கள் இறங்க ஆரம்பித்துப் பாதிகூட வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது. முதலில் குளிர்காற்று, மேலிருந்து கீழே தள்ளுகிற மாதிரி. பிறகு ரூபாய்க்காசு அளவு சொட்டுகள். மழை தொடங்கின முதல் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் படி மிக மோசமாக வழுக்கும். பல நாள் தூசி, குரங்கு எச்சம், உதிர்ந்த இலைச்சருகு எல்லாம் தண்ணீரில் குழைந்து சேறாகிவிடும். நன்றாகக் கழுவிவிட்ட பிறகு பிடிப்பு கொஞ்சம் திரும்பும். இது பலருக்குத் தெரியாது. மழை வலுக்குமுன் இறங்கிவிடலாம் என்று அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லோரும் ஓடுவார்கள், அந்தப் பத்து நிமிஷத்தில்தான் விழுவார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் உட்கார்ந்தபடியே மூன்று படி சறுக்கினான். அடி ஒன்றும் இல்லை. பேன்ட் கிழிந்தது. அதன்பிறகு யாரும் அவசரப்படவில்லை.

அவர்களுக்கு அன்று சொல்லிக்கொடுத்தது இது. படியின் நடுப்பகுதியில் கால் வைக்காதே. நூற்றாண்டுக் கணக்கில் கால்பட்டு நடுவில் தேய்ந்து மழமழவென்று இருக்கும், கொஞ்சம் குழிந்தும் இருப்பதால் தண்ணீர் ஓடுவதும் அங்கேதான். ஓரத்தில் சொரசொரப்பு இருக்கும். ஆனால் வெயில் படாத ஓரமென்றால் பாசி, அதையும் பார்க்க வேண்டும். கருங்கல் சாம்பல் நிறத்தில் வெளுத்துச் சொரசொரப்பாகத் தெரிந்தால் தாராளமாக மிதிக்கலாம். கறுத்துப் பளபளப்பாகத் தெரிந்தால் அது பாசி படிந்த கல். மலைப்பாறைகளில் மேலிருந்து கீழே கறுப்புக் கோடுகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ தார் ஊற்றின மாதிரி இருக்கும். அவையெல்லாம் மழைத் தண்ணீர் வழக்கமாக இறங்கும் தடம், அதில் வளர்ந்து காய்ந்த நுண்பாசி. வெயில் நாளில் போகும்போதே அந்தக் கோடுகள் எந்தெந்த இடத்தில் படியைத் தொடுகின்றன என்று பார்த்து வையுங்கள். மழை வந்தால் அருவி இறங்கப்போகும் இடம் ஒவ்வொன்றும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் இந்த மலையில் கற்றதிலேயே மிகவும் பயன்பட்டது இதுதான்.

நேராக முகம் கொடுத்து இறங்குவதைவிடப் பக்கவாட்டில் திரும்பி, மலையைப் பார்த்த கையால் பாறையைத் தொட்டபடி, முழுப் பாதத்தையும் பதித்து இறங்குவது நல்லது. குதிகாலை மட்டும் வைத்தால் சறுக்கும். முழங்கால் லேசாக மடங்கியே இருக்கட்டும். உயரமான படி என்றால் கூச்சப்படாமல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு இறங்குங்கள், வேட்டி கட்டிய பெரியவர்கள் அப்படித்தான் இறங்குவார்கள். செடியைப் பிடிக்காதீர்கள். ஈர மண்ணில் வேர் கையோடு வந்துவிடும், இல்லாவிட்டால் காரைமுள் ஏறும். ஒருவருக்கொருவர் நாலைந்து படி இடைவெளி விட்டு வாருங்கள். ஒட்டி வந்தால் ஒருவர் விழும்போது நாலு பேர் விழுவார்கள். கூட்டத்தில் தெம்பான ஆள் எப்போதும் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், பயப்படுகிறவர் அவருக்கு அடுத்து மேலே.

காலில் என்ன போடுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஹவாய்ச் செருப்பு மட்டும் வேண்டாம், அது ஈரத்தில் காலுக்கும் படிக்கும் நடுவே தனியாக ஓடும். அடிப்பக்கம் தேய்ந்த ஷூவும் அதே லட்சணம்தான். ஆழமாக வெட்டிய ரப்பர் சோல் இருந்தால் சரி. அம்மன் கோயிலுக்கு வெறுங்காலில் ஏறும் பெண்களை ஈரத்தில் பார்த்திருக்கிறேன். விரலை ஊன்றி, எங்களைவிட உறுதியாக இறங்கினார்கள். ஆனால் அது பழகிய கால். நகரத்துக் கால் வெறுமனே இறங்கினால் பாதி வழியிலேயே கல் குத்தி நொண்டும்.

குடை வேண்டவே வேண்டாம். காற்றில் திரும்பிக்கொண்டு ஆளையே இழுக்கும், ஒரு கையும் போய்விடும். ரெயின்கோட் போதும். ஒரு கைக்குட்டை, ஒரு மாற்றுச் சட்டை, போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர், சின்ன டார்ச், கடலைமிட்டாய். மழைநாள்தானே என்று தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ரெயின்கோட்டுக்குள் ஊற்றும் வியர்வை வெயில்நாளைவிட அதிகம்.

இடி, மின்னலுக்கு வருகிறேன். ஒதுங்குவதற்கு மண்டபம் இருக்கிறதே என்று நினைக்கலாம். நாலு பக்கமும் திறந்த கல்மண்டபம் மழைக்குத்தான் காப்பு, மின்னலுக்கு அல்ல. உச்சியில் இருக்கும் ரங்கநாதர் கோயிலும் கட்டடங்களும் சுற்று வட்டாரத்திலேயே உயர்ந்த இடங்கள். இடி நேரத்தில் அங்கே நிற்பது நாமே தலையைக் கொடுப்பது. தனிமரத்தடி கூடாது. இரும்புக் கைப்பிடியைத் தொடக்கூடாது. முகட்டைவிட்டு எவ்வளவு கீழே வர முடியுமோ அவ்வளவு வந்துவிடுவதுதான் முதல் வைத்தியம். வர முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால், பெரிய பாறையிலிருந்தும் சுவரிலிருந்தும் கொஞ்சம் விலகி, கால் இரண்டையும் சேர்த்து வைத்துக் குந்தி உட்கார வேண்டும். படுக்கக் கூடாது, தரையில் பாயும் மின்சாரம் உடம்பின் நீளம் முழுக்க ஓடும். கூட வந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும், கட்டிப்பிடித்துக்கொண்டு அல்ல. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை மேலே திரும்பிப் போகிற பேச்சே கூடாது. யாராவது தாக்கப்பட்டால் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று தயங்காதீர்கள், அந்த உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் அந்த நிமிஷமே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். ஒருவர் அழுத்த, இன்னொருவர் 108ஐக் கூப்பிட வேண்டும்.

மண்டபத்தில் இன்னொரு வில்லங்கம், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள். குரங்குகளுக்கும் மழை பிடிக்காது. குட்டிகளோடு உலர்ந்த மூலையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது நாம் உள்ளே நுழைந்தால் பல்லைக் காட்டும். வெயில்நாளில் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு, ஈர நாளில் ஓட இடமில்லாமல் கடிக்கும். வாசலோரம் நின்றுகொள்ளுங்கள், பையைத் திறக்காதீர்கள். களஞ்சியங்களின் இருட்டுக்குள் போகாதீர்கள், வளையில் தண்ணீர் புகுந்ததும் பாம்பும் தேளும் பூரானும் உலர்ந்த இடம் தேடி வரும். கல் இடுக்கில் கையை விடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து பத்திரமாக இறங்கிவிட்டோம் என்று மூச்சு விடுகிற நேரத்தில்தான் அடுத்தது காத்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்று, ஈரச்சட்டையோடு பைக்கை எடுத்து, குறுக்கு வழியில் ஊர் திரும்புவோம். செஞ்சியை ஒட்டிய பாக்கமலைக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிப் பக்கம் கடலுக்குப் போகிறது. வருஷத்தில் பல மாதம் மணலாகத்தான் கிடக்கும். குன்றில் ஊற்றின மழை ஆற்றுக்கும் ஓடைக்கும் வந்து சேர நேரம் ஆகும். நாம் இறங்கி வரும்போது மழை நின்று வானம் வெளுத்திருக்கும், தரைப்பாலத்தில் தண்ணீர் அப்போதுதான் ஏற ஆரம்பிக்கும். ஃபெஞ்சலின்போதும் விழுப்புரம் பக்கத்துக்குப் பெரிய வெள்ளம் புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணை வழியாகத்தான் வந்தது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். அரசூர் பக்கம் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலேயே வண்டி போக முடியவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் பைக்கை விடாதீர்கள். பத்துக் கிலோமீட்டர் சுற்றினாலும் பெரிய பாலம் உள்ள ரோட்டில் வாருங்கள். மலைப்படியில் விழுந்தால் முட்டி பெயரும், ஓடையில் விழுந்தால் ஆள் கிடைப்பதே பிறகுதான்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், 'செஞ்சி பக்கம்' என்று மொட்டையாகச் சொல்லாமல், ராஜகிரியா கிருஷ்ணகிரியா, எத்தனை மணிக்குக் கீழே இருப்போம் என்பதோடு. அந்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆகியும் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. வாயிலில் இருக்கும் தொல்லியல் துறைக் காவலாளியிடம் எத்தனை பேர் ஏறுகிறோம் என்று ஒரு வார்த்தை. பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் அவர் ஏறவிட மாட்டார். அதற்காக அவரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த ஆடு மேய்க்கும் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இருவருக்கும் நம்மை ஏமாற்றி என்ன லாபம்?

அப்படியென்றால் எப்போதுதான் போவது என்கிறீர்களா? தூறல் நாளில் தாராளமாகப் போகலாம், இடி இல்லாத தூறல் என்றால். ஐப்பசியில் இரண்டு மழைகளுக்கு நடுவே விழும் வெளுத்த நாட்கள் மிக நல்லவை. மார்கழியில் மழை ஓய்ந்திருக்கும், ஆனால் பனி இருக்கும். வெயில் ஏறும்வரை படி பனியில் நனைந்தே கிடக்கும். எனவே கோட்டை திறக்கும் நேரத்துக்குப் போய், கீழ்க்கோட்டையை முதலில் பார்த்துவிட்டு, படி காய்ந்ததும் ஏறுங்கள். மழை மாதங்களில் இதற்கு நேர்மாறு: திறந்ததும் முதல் ஆளாக ஏறி, மதியத்துக்குள் கீழே வந்துவிட வேண்டும். கீழ்க்கோட்டை மழையிலும் இருக்கும், குடையோடுகூடப் பார்க்கலாம். என் அக்கா மகன் இப்போது வேலைக்குப் போய்விட்டான், நண்பர்களை அவனே கூட்டிப்போகிறான். போன ஐப்பசியில் கோயிலடியிலிருந்து போன் செய்தான். "மாமா, கிழக்கால இருட்டுது. பசங்க மேல போலாங்கறானுங்க. நான் எறக்கிக்கினு வரேன்" என்றான். சரிடா, நடுப்படியில கால் வைக்காத என்று சொல்லிவிட்டு வைத்தேன்.